மாற்று உறுப்புக்காகக் காத்திருக்கும் வீட்டாருக்கு: கேள்வி பதில்

கல்லீரல் மாற்று சிகிச்சைக்குப் பதிவு செய்திருந்த கணவரை உடனிருந்து கவனித்துக்கொண்ட ஒருவர், இப்போது காத்திருக்கும் குடும்பத்தினருக்குப் பதில் சொல்கிறார்.

அக்கா, அப்பாவுக்குக் கல்லீரல் பாதிப்பு. இரவெல்லாம் விழித்திருக்கிறார், பகலில் தூங்கி வழிகிறார். மருந்தைத் தட்டிவிடுகிறார். எனக்குக் கோபம் கோபமாக வருகிறது.

வரத்தான் செய்யும் தம்பி. ஆனால் அது அவர் குணம் இல்லை. கல்லீரல் அகற்ற வேண்டிய அமோனியா போன்ற கழிவுகள் ரத்தத்தில் சேர்ந்து மூளையைக் குழப்புகின்றன. இரவும் பகலும் மாறிப்போவது அதன் ஆரம்ப அடையாளங்களில் ஒன்று. இந்தக் கழிவை மலத்தோடு வெளியேற்றும் லாக்டுலோஸ் சிரப் எழுதிக் கொடுத்திருந்தால், பெரும்பாலும் ஒரு நாளைக்கு இரண்டு மூன்று முறை மலம் இளகிப் போக வேண்டும் என்பதுதான் கணக்கு. அதை நோட்டில் குறித்து வையுங்கள். கூச்சமாக இருக்கும், இருந்தாலும் மருத்துவர் கேட்பார்.

நான் தினமும் காலையில் என் கணவரை ஒரு தாளில் கையெழுத்துப் போடச் சொல்வேன். எழுத்து கோணினால் அன்று கூடுதல் கவனம். தூங்கவில்லையே என்று நீங்களாகத் தூக்க மாத்திரை கொடுத்துவிடாதீர்கள், குழப்பம் அதிகமாகிவிடும். ஆளையே அடையாளம் தெரியாமல் பேசினால் விடியும்வரை பொறுக்க வேண்டாம், உடனே மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள்.

எங்களுக்குப் பின்னால் பதிவு செய்தவருக்குக் கல்லீரல் கிடைத்துவிட்டது. இது என்ன நியாயம்?

இது டிக்கெட் வரிசை இல்லை. ரத்த வகை, உடல் அளவு, நோயின் தீவிரம் எல்லாம் பார்ப்பார்கள். பல நாடுகளில் 6 முதல் 40 வரை போகும் மெல்ட் மதிப்பெண்ணை வைத்துத் தீவிரத்தைக் கணக்கிடுகிறார்கள். எண் ஏறினால் இடம் முன்னேறும், ஆனால் ஆள் மோசமாகிறார் என்று அர்த்தம். எதற்காக வேண்டிக்கொள்வது என்றே தெரியாது.

அழைத்தார்கள், ஓடினோம். கடைசி நேரத்தில் வேண்டாம் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

உறுப்பை நேரில் பார்த்த பிறகுதான் அறுவை சிகிச்சை நிபுணர் முடிவெடுப்பார். கொழுப்பு அதிகம் படிந்த கல்லீரலை வைத்துவிட்டால் அது வேலை செய்யாமலே போகலாம். சில சமயம், முதலில் அழைத்தவருக்குப் பொருந்தாமல் போனால் இருக்கட்டும் என்று மாற்று ஆளாகவும் கூப்பிடுவார்கள். முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொண்டால் ஏமாற்றம் கொஞ்சம் குறையும்.

யாரோ இறப்பதற்காகக் காத்திருப்பது போல உறுத்துகிறது.

அந்த மரணம் உங்களால் நடப்பதில்லை. நீங்கள் காத்திருந்தாலும் இல்லாவிட்டாலும் அது நடந்திருக்கும். இருந்தும் உறுத்தல் முழுசாகப் போகாது, எனக்கும் போகவில்லை.

போன் வந்துவிடுமோ என்று தூக்கமே இல்லை அக்கா.

வீட்டில் இன்னொருவர் எண்ணையும் மருத்துவமனையில் கொடுத்துவிட்டு, வாரத்தில் சில இரவாவது போனை அவரிடம் ஒப்படையுங்கள். தெரியாத எண்ணாக இருந்தாலும் எடுக்கச் சொல்லுங்கள். அப்பாவுக்குக் காய்ச்சல் வந்தால் மறைக்காதீர்கள். காத்திருப்புப் பட்டியலில் அவர் பெயரைத் தற்காலிகமாக நிறுத்தி வைப்பார்கள், சரியானதும் மறுபடி சேர்த்துக்கொள்வார்கள்.

பை கட்டி வைக்க வேண்டுமா?

வையுங்கள். மருந்துப் பட்டியல், பழைய ரிப்போர்ட், சார்ஜர். எல்லாரும் நோயாளிக்குத்தான் துணி எடுத்து வைப்பார்கள். அவர் ஐசியூவில் அவர்கள் கொடுக்கும் உடையில் இருப்பார். மாற்றுத்துணி உங்களுக்குத்தான் தேவைப்படும்.