புகார் கொடுத்த மறுநாள் அவளுக்கு என்ன ஆகும்?

கேள்வி: பாலியல் தொழிலைச் சட்டம் தடை செய்ய வேண்டுமா, அனுமதிக்க வேண்டுமா? பெண்ணியச் சட்ட அறிஞர்களே இதில் இரண்டு கட்சியாக நிற்கிறார்களே. சிங்கப்பூரில் இருக்கும் தமிழர்கள் என்ன நினைக்கிறீர்கள்?

நான் வழக்கறிஞர் இல்லை. வெளிநாட்டு ஊழியர்களுக்கு உதவும் ஒரு சிறு குழுவில் பதினோரு வருடமாக ஞாயிற்றுக்கிழமைகளில் தமிழ் மொழிபெயர்த்துக் கொடுக்கிறேன். சம்பளப் பாக்கி, வேலையிடத்தில் கையை நசுக்கிக்கொண்டவர், பாஸ்போர்ட்டைப் பிடுங்கி வைத்துக்கொண்ட முதலாளி, பெரும்பாலும் இவைதான் வரும். சட்டப் புத்தகத்தைப் பிரித்ததெல்லாம் பிறகுதான். ஆட்களின் முகத்தைப் பார்த்துத்தான் சட்டம் கற்றுக்கொண்டேன்.

சில வருடங்களுக்கு முன், சிங்கப்பூரின் லிட்டில் இந்தியா பகுதியான தேக்காவில் ஒரு காப்பிக் கடையின் கடைசி மேசையில் ஒரு பெண்ணோடு உட்கார்ந்திருந்தேன். ஊரிலிருந்து நடன விடுதி வேலைக்கு வந்தவள். டீயைத் தொடவே இல்லை. கைப்பையிலிருந்து பள்ளிக்கூடப் பிள்ளைகள் வைத்திருக்கும் நாற்பது பக்க நோட்டு ஒன்றை எடுத்து என் பக்கம் நகர்த்தினாள். இடது பக்கம் தேதி. அதற்கு நேராக "மாலை 50, மாலை 50, மாலை 100". சில நாட்களில் வெறும் கோடு. வலது பக்கம் சிவப்பு மையில் டிக்கெட், ஏஜென்ட், ரூம், சாப்பாடு, மேக்கப்.

இந்த மாலை விஷயம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். மேடையில் ஆடும் பெண்ணுக்கு வாடிக்கையாளர் மாலை வாங்கிப் போடுவார். ஐம்பது வெள்ளியில் (சிங்கப்பூர் டாலர்) தொடங்கி ஆயிரக்கணக்கில் போகும். மாலை திரும்பக் கல்லாவுக்கே வந்துவிடும், அடுத்தவருக்கு விற்க. மாதத்துக்கு இத்தனை வெள்ளிக்கு மாலை விழ வேண்டும் என்று அவளுக்கு இலக்கு வைத்திருந்தார்கள். குறைந்தால் குறைந்த தொகை அவள் கடனில் ஏறும். கடன் ஏறிக்கொண்டே போனால் ஒருநாள் வாடிக்கையாளரோடு "வெளியே போயிட்டு வா" என்பார்கள். யாரும் அவளை அடிக்கவில்லை, கதவைப் பூட்டவில்லை. அந்த நோட்டு ஒன்றே போதுமாக இருந்தது.

அவள் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று. "போலீஸ்ல சொன்னா என்னை ஊருக்கு அனுப்பிடுவாங்களாக்கா?"

"இல்லைம்மா" என்று சொல்ல என்னால் முடியவில்லை. உங்கள் கேள்விக்கு என் பதிலும் இங்கேதான் தொடங்குகிறது. எந்தச் சட்டத்தை யார் கொண்டுவந்து காட்டினாலும் நான் முதலில் பார்ப்பது ஒன்றைத்தான்: புகார் கொடுத்த மறுநாள் அந்தப் பெண் எங்கே இருப்பாள்?

சிங்கப்பூர் சட்டத்தைப் பார்ப்போம். வயது வந்த பெண் பணம் வாங்கிக்கொண்டு உறவு கொள்வது இங்கே குற்றம் இல்லை. அதைச் சுற்றியிருப்பவைதான் குற்றம். பொது இடத்தில் நின்று ஆள் அழைத்தால் 1,000 வெள்ளி வரை அபராதம், மறுபடி பிடிபட்டால் ஆறு மாதம் வரை சிறை. பாலியல் தொழிலுக்குப் பெண்ணை அமர்த்துவது, அவள் வருமானத்தில் வாழ்வது, பாலியல் தொழில் விடுதி நடத்துவது எல்லாம் மாதர் சாசனம் என்ற சட்டத்தின் கீழ் வரும். 2019-இல் இந்தத் தண்டனைகளைக் கூட்டினார்கள், இணையத்தளம் வழியாக நடத்துவதையும் சேர்த்தார்கள். 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவரிடம் பணம் கொடுத்துப் போனால் 2008 முதல் வாடிக்கையாளருக்கும் தண்டனை உண்டு. வயது வந்த பெண்ணிடம் போகும் ஆணைப் பற்றிச் சட்டத்துக்குச் சொல்ல எதுவும் இல்லை.

மாதர் சாசனம் 1961-இல் வந்தது. ஒருவனுக்கு ஒருத்தி என்பதை முஸ்லிம் அல்லாத எல்லாருக்கும் சட்டமாக்கிய சாசனம் அது. சான் சோய் சியோங் போன்ற பெண்கள் மேடை மேடையாகப் பேசி வாங்கித் தந்தது. அதன் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. அதனால்தான் அதன் விளக்கப் பிரிவைப் படிக்கும்போது வலிக்கிறது. பாலியல் தொழில் என்பதற்கு அங்கே உள்ள விளக்கம், ஒரு பெண் பணத்துக்கோ பொருளுக்கோ தன் உடலைத் தருவது. வாங்குகிறவன் அந்த வாக்கியத்திலேயே இல்லை. அடுத்து, விடுதி என்றால் என்ன? ஒரே நேரத்திலோ வேறு வேறு நேரத்திலோ இரண்டு பெண்கள் அந்தத் தொழிலுக்குப் பயன்படுத்தும் எந்த இடமும் விடுதிதான். தனியாக இருக்கப் பயந்து தோழியைக் கூட வைத்துக்கொண்டால், குடித்துவிட்டு வருகிறவன் கையை ஓங்கும்போது அடுத்த அறையில் ஒருத்தி இருக்கட்டும் என்று நினைத்தால், அந்த வீடு சட்டத்தின் கண்ணில் விடுதியாகிவிடும். அவளைக் காப்பாற்ற எழுதிய வரி அவளைத் தனியாக உட்கார வைக்கிறது.

இன்னொன்று குடிநுழைவுச் சட்டம். நாட்டுக்குள் வரக் கூடாதவர்களின் பட்டியலில் பாலியல் தொழில் செய்யும் பெண் இருக்கிறாள். வெளிநாட்டிலிருந்து வந்து வேலை பாஸில் (வேலை அனுமதியில்) இருக்கும் பெண்ணுக்கு மற்ற எல்லாச் சட்டத்தையும் விட இதுதான் பெரியது. கடத்தப்பட்டவள் என்று அதிகாரிகள் ஏற்றுக்கொண்டால் நிலைமை வேறு. 2015 முதல் நடப்பில் உள்ள ஆட்கடத்தல் தடுப்புச் சட்டம் இருக்கிறது, தங்க இடம் கிடைக்கலாம், விசாரணை முடியும்வரை இருக்கச் சிறப்பு அனுமதி கிடைக்கலாம். 2020-இல் நடன விடுதிகளில் வங்கதேசப் பெண்களை வதைத்த ஒரு இந்தியத் தம்பதிக்கு இந்தச் சட்டத்தில் ஐந்தரை ஆண்டு சிறை கிடைத்தது. கட்டாய உழைப்புக்காக ஆள் கடத்தியதற்கு இங்கே கிடைத்த முதல் தண்டனை அது. ஆனால் அவள் கடத்தப்பட்டவளா, தெரிந்தே வந்தவளா என்று முடிவு செய்பவர் மேசைக்கு அந்தப் பக்கம் இருக்கிறார். நோட்டில் இருக்கும் கணக்கு எந்தப் பக்கம் விழும் என்று அவளுக்கு எப்படித் தெரியும்? அவள் புகார் கொடுக்கவில்லை. பாஸ் முடிந்து ஊருக்குப் போய்விட்டாள்.

இப்போது அந்த இரண்டு கட்சி. அமெரிக்கச் சட்ட அறிஞர் கேதரின் மெக்கினன் போன்றவர்கள் சொல்வது இது: ஆணும் பெண்ணும் சமமாக இல்லாத உலகத்தில் இந்தச் சந்தையே சமமின்மையின் விளைவு. வறுமையும் குடியுரிமையில்லாமையும் தள்ளிவிட்ட இடத்தில் "சம்மதம்" என்று எழுதி வாங்குவதில் பொருள் இல்லை. ஆகவே விற்பவளை விட்டுவிட்டு வாங்குபவனைத் தண்டிக்க வேண்டும். ஸ்வீடன் 1999 முதல் இதைச் செய்கிறது. நார்வே, பிரான்ஸ், அயர்லாந்து எல்லாம் பின்னால் வந்தன. எதிர்க்கட்சி சொல்வது: இதுவும் உழைப்பு, உழைப்புக்கு உள்ள பாதுகாப்பைக் கொடுங்கள், குற்றவியல் சட்டம் எந்தப் பக்கம் வெட்டினாலும் கடைசியில் காயம் அவளுக்குத்தான். நியூசிலாந்து 2003-இல் இந்த வழியில் போனது. அந்த மசோதா நாடாளுமன்றத்தில் 60-க்கு 59 என்று ஒரே வாக்கில் நிறைவேறியது.

இரண்டு பக்கத்தையும் என் கேள்வியால் உரசிப் பார்க்கிறேன். நியூசிலாந்தில் 2014-இல் விடுதி நடத்துபவர் பாலியல் தொந்தரவு கொடுத்தார் என்று அங்கே வேலை செய்த பெண் மனித உரிமைத் தீர்ப்பாயத்துக்குப் போனாள். 25,000 டாலர் இழப்பீடு கிடைத்தது. ஒரு அலுவலகத்து டைப்பிஸ்ட் புகார் கொடுப்பது போலக் கொடுத்தாள், வென்றாள். இதைப் படித்த அன்று எனக்குக் கண் கலங்கியது. ஆனால் அதே சட்டம் தற்காலிக விசாவில் வந்தவர்களுக்கு இந்த வேலை கூடாது என்கிறது. நான் தேக்காவில் சந்தித்த பெண் ஆக்லாந்தில் இருந்திருந்தாலும் அதே கேள்வியைத்தான் கேட்டிருப்பாள். ஸ்வீடன் வழியிலும் ஓட்டை உண்டு. நார்வேயின் ஆஸ்லோவில் போலீஸ் வீட்டுக்காரர்களிடம் "இவளுக்கு வாடகைக்கு விட்டால் உன் மேல் கேஸ்" என்று சொல்ல, பெண்கள் வீடு இழந்தார்கள். வாங்குபவனைத் தண்டிக்க வந்த நாட்டில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு வந்தது அவள்.

சட்டம் யாரைப் பார்க்கிறது என்பதை மிகத் தெளிவாகப் பேசிய தீர்ப்பு, தென்னாப்பிரிக்க அரசியல் சாசன நீதிமன்றத்தின் 2002-ஆம் ஆண்டு ஜோர்டன் வழக்கு. விற்பவளைக் குற்றவாளி என்று சொல்லும் சட்டம் பெண்களுக்கு எதிரான பாகுபாடா என்பது கேள்வி. பதினோரு நீதிபதிகளில் ஆறு பேர் இல்லை என்றார்கள். நீதிபதிகள் ஓரிகனும் சாக்ஸும் சேர்ந்து எழுதிய சிறுபான்மைத் தீர்ப்பை ஐந்து பேர் ஏற்றார்கள். சட்டம் அவளை முதல் குற்றவாளியாகவும், காசு கொடுத்தவனை உடந்தையாகவும் மட்டுமே வைக்கும்போது, பெண்ணுக்கு ஒரு ஒழுக்கம் ஆணுக்கு ஒரு ஒழுக்கம் என்ற பழைய எண்ணத்தைச் சட்டம் உறுதிப்படுத்துகிறது என்பது அவர்கள் வாதம். தோற்றுப்போன அந்தத் தீர்ப்பைத்தான் நான் திரும்பத் திரும்பப் படிக்கிறேன்.

ஆங்கிலேயர் காலத்தில் சிங்கப்பூர், பினாங்கு, மலாக்கா சேர்ந்திருந்த இந்த நீரிணைக் குடியேற்றத்துக்கும் இந்தப் பாகுபாடு புதிதில்லை. 1870-இல் ஆங்கிலேயர்கள் இங்கே தொற்றுநோய்ச் சட்டம் கொண்டுவந்தபோது விடுதிப் பெண்களைப் பதிவு செய்து மருத்துவப் பரிசோதனைக்கு இழுத்தார்கள். கப்பலில் வந்து இறங்கிய ஆண்களை யாரும் பரிசோதிக்கவில்லை.

நம்மவர்களுக்கு இதில் ஒரு முன்கதை இருக்கிறது, யாரும் அதைப் பேசாதது எனக்கு வருத்தம். முத்துலட்சுமி ரெட்டி 1927-இல் சென்னை சட்ட மன்றத்தில் பெண் பிள்ளைகளைத் தேவதாசிகளாகக் கோயிலுக்கு நேர்ந்துவிடும் பொட்டுக்கட்டும் வழக்கத்தை ஒழிக்கத் தீர்மானம் கொண்டுவந்தார். அவருடைய அம்மா அந்தத் தேவதாசிக் குலத்தில் பிறந்தவர். அதே மரபிலிருந்து வந்த பாடகி பெங்களூர் நாகரத்தினம்மாள் போன்றவர்கள் எதிர்த்தார்கள்: எங்களை எல்லாம் விலைமாதர் என்று ஒரே வார்த்தையில் அடைக்காதீர்கள், எங்கள் கலையையும் சொத்துரிமையையும் எடுத்துக்கொள்ளாதீர்கள் என்றார்கள். இன்றைய இரண்டு கட்சியும் நூறு வருடத்துக்கு முன்பே தமிழில் சண்டை போட்டுவிட்டன. நான் கவனிப்பது வரிசையைத்தான். 1929-இல் வந்த சட்டத்திருத்தம் கோயில் சேவை செய்யாமலே மானிய நிலத்தை அந்தப் பெண்கள் வைத்துக்கொள்ளலாம் என்றது. 1930-இல், மாணவியர் விடுதிகளில் இடம் மறுக்கப்பட்டுத் தன் வீட்டு வாசலில் வந்து நின்ற பெண் பிள்ளைகளுக்காக முத்துலட்சுமி ரெட்டி ஔவை இல்லம் தொடங்கினார். முழுத் தடை 1947-இல்தான் வந்தது. நிலம், கூரை, பிறகு தடை. அந்த நிலத்தின் பலனைப் பல இடங்களில் குடும்பத்து ஆண்களே அனுபவித்தார்கள் என்று ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள், அதையும் மறைக்க வேண்டியதில்லை. ஆனாலும் வரிசை சரி.

எங்கள் வட்டத்தில் அடிக்கடி கேட்கும் ஒரு வாதம் உண்டு. "தங்குவிடுதியில பொண்டாட்டி பிள்ளைய விட்டுட்டு இத்தன ஆம்பளைங்க இருக்காங்க. இதுவும் இல்லேன்னா நம்ம வீட்டுப் பொண்ணுங்களுக்குத்தான் ஆபத்து." நல்ல மனிதர்கள், என் மாமா உட்பட, இதைச் சொல்கிறார்கள். மாமா, உங்கள் மகளுக்கு வேலியாக யாருடைய மகளையோ நிறுத்தச் சொல்கிறீர்கள். அதோடு, வேலை பெர்மிட்டில் வருபவர் குடும்பத்தைக் கூட்டிவர முடியாது என்பதும் நாம் போட்ட விதிதான். வீட்டுப் பணிப்பெண்ணுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை மருத்துவப் பரிசோதனை, அதில் கர்ப்பமா என்றும் பார்ப்பார்கள். கர்ப்பம் என்றால் பொதுவாக ஊருக்குத்தான். இப்படிப்பட்ட ஊரில் தனிமையை இயற்கை என்று சொல்லிவிட்டு, அதற்கு மருந்தாக ஒரு பெண்ணை வைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

அப்படியானால் எனக்கு என்ன வேண்டும்? என் மனம் மெக்கினன் பக்கம். இது மற்ற வேலைகளைப் போல ஒரு வேலை என்று அந்த நோட்டைப் பார்த்த பிறகு என்னால் சொல்ல முடியாது. ஆனாலும் சட்டம் எழுதும் பேனா என் கையில் இருந்தால் முதலில் எழுதுவது வேறு. வன்முறை, ஏமாற்று, கடன் என்று புகார் கொடுக்க வரும் எந்தப் பெண்ணையும், அவள் எப்படி வந்தாள் என்று பார்க்காமல், வழக்கு முடியும்வரை நாடு கடத்தக் கூடாது, அதுவரை வேறு வேலை செய்ய அனுமதி வேண்டும். இந்தியாவில் 2022 மே மாதம் உச்ச நீதிமன்றம் பாலியல் தொழிலாளி கொடுக்கும் புகாரை மற்றவர் புகாரைப் போலவே நடத்த வேண்டும் என்று காவல்துறைக்கு உத்தரவிட்டது. இங்கே அதற்கும் ஒரு படி மேலே வேண்டும். அடுத்து, "இரண்டு பெண்கள்" என்ற அந்த விளக்கம் மாற வேண்டும். அடுத்தவளை வைத்துச் சம்பாதிக்கிறவன்தான் விடுதி நடத்துபவன், துணைக்கு இருக்கும் தோழி இல்லை.

வாங்குபவனைத் தண்டிக்கும் சட்டம் மூன்றாவது. அதையும் ஆதரிப்பேன், இந்த இரண்டும் வந்து நின்ற பிறகு. அதை மட்டும் முதலில் கொண்டுவந்தால் அந்த நாற்பது பக்க நோட்டில் "கூட்டம் இல்லை" என்று சிவப்பு மையில் இன்னொரு வரி ஏறும், அதையும் அவள்தான் கட்டுவாள்.