நிர்பீக்கா, சாதாரண .32 ரிவால்வரா?

கேள்வி: நான் ஓய்வுபெற்ற ராணுவ வீரன், ஆற்காட்டில் வசிக்கிறேன். வீட்டுப் பாதுகாப்புக்கென ரிவால்வர் லைசென்ஸ் கிடைத்துள்ளது. கான்பூரில் தயாராகும் சாதாரண .32 (குழல் அளவு, அங்குலத்தில்) ரிவால்வரை வாங்கலாமா, அல்லது அதிக விலை கொடுத்து அங்கேயே தயாராகும் எடை குறைந்த நிர்பீக் ரிவால்வரை வாங்கலாமா? “பழைய இங்கிலீஷ் வெப்லி ரிவால்வர் ஒன்று இருக்கிறது, அதுதான் அசல் சரக்கு” என்று புரோக்கர் ஒருவர் வற்புறுத்துகிறார்.

பதில்: வீட்டில் வைத்திருப்பதற்குச் சாதாரண .32 ரிவால்வரே போதும். இரண்டும் வெப்லி என்ற இங்கிலாந்து நிறுவனத்தின் ரிவால்வர் வழிவந்தவை, இரண்டிலும் அதே .32 தோட்டாக்கள் ஆறு போடலாம். 2014-இல் ஏறத்தாழ 1.22 லட்சம் ரூபாய்க்கு அறிமுகமான நிர்பீக்கில் நீங்கள் கூடுதலாகக் கொடுக்கும் பணம், டைட்டானியக் கலவையால் எடை 500 கிராமாகக் குறைந்ததற்கும் நகைப்பெட்டி போன்ற அதன் பெட்டிக்கும் போகிறதே தவிர, குண்டின் வேகத்துக்கோ குறிக்கோ போவதில்லை. நாள் முழுதும் உடன் எடுத்துச் செல்பவருக்கு அந்த எடைக்குறைவு பயன்படும். அலமாரியில் பூட்டி வைப்பவருக்குப் பயனில்லை. சுடும்போது கை சற்று அதிகமாக உதறுவதுதான் மிச்சம்.

என் கவலை அந்த வெப்லியைப் பற்றியது. வெளிநாட்டுத் துப்பாக்கி இறக்குமதிக்கு 1980-களிலிருந்து கட்டுப்பாடு இருப்பதால், பழைய இரும்பையெல்லாம் லட்சங்களில் விலை பேசும் ஒரு கூட்டம் இங்கே வளர்ந்துவிட்டது. இரண்டாம் உலகப் போர்க்கால வெப்லி என்றால் உயர்ந்தது என்பார்கள். உண்மையில், அவசரத்தில் மெருகேற்றாமல் அனுப்பிய துப்பாக்கிகளால் தன் பெயர் கெட்டுவிடக் கூடாதென்று அந்த நிறுவனமே அவற்றின்மேல் ‘வார் ஃபினிஷ்’ (போர்க்கால மெருகு) என்று முத்திரை குத்தியது. இப்போது யாராவது அதற்குப் பளபளப்பாக நீலப் பூச்சு ஏற்றியிருந்தால் அந்த அழகுக்கும் சேர்த்து உங்களிடம் பணம் கேட்பார்கள். அதைவிட முக்கியம், படைகளுக்காகச் செய்யப்பட்ட ‘மார்க் 4’ என்ற .380 வெப்லி தடைசெய்யப்பட்ட வகை. கலெக்டர் கொடுத்த சாதாரண லைசென்ஸை வைத்து அதை வாங்க முடியாது.

இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. அதே மார்க் 4 வெப்லி .32 அளவிலும் தயாரிக்கப்பட்டது. அதை நீங்கள் வாங்கலாம். ஆனால் .32 என்று புரோக்கர் வாயால் சொல்வது போதாது. குழலில் பொறித்திருக்கும் அளவையும் சட்டகத்தில் உள்ள எண்ணையும் நீங்களே பார்த்து, விற்பவரின் லைசென்ஸில் எழுதியிருக்கும் எண்ணோடு ஒப்பிட வேண்டும். எண்ணைத் தேய்த்து மறுபடி அடித்திருந்தாலோ, எண்ணே இல்லாவிட்டாலோ, அந்தத் துப்பாக்கி யார் கையில் இருக்கிறதோ அவரே அதை அழித்தார் என்றுதான் சட்டம் முதலில் கருதும். இல்லையென்று நிரூபிக்கும் பாரம் உங்கள் தலையில் விழும், புரோக்கரோ அதற்குள் போன் எண்ணை மாற்றியிருப்பார். எண் சரியாக இருந்தாலும், தனிநபர் விற்பதானால் வாங்குபவரின் பெயர், முகவரியோடு கலெக்டருக்கோ அருகிலுள்ள காவல் நிலையத்துக்கோ எழுத்துமூலம் தெரிவித்து, 45 நாள் கழிந்த பின்னரே கைமாற்ற முடியும். “பணத்தைக் கொடுங்கள், பேப்பர் பிறகு வரும்” என்பவரோடு பேச்சைத் தொடராதீர்கள்.

2019-இல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தபின் ஆற்காடு ராணிப்பேட்டை மாவட்டத்தில் இருக்கிறது. இதைக்கூட அறியாமல் பழைய அலுவலகத்துக்கு மனு எழுதித் தருபவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். கோப்பு இங்குமங்கும் நகர்வதற்குள் மனுதாரரின் பொறுமை தீர்ந்துபோகிறது, அந்த இடைவெளியில்தான் புரோக்கர் நுழைகிறார். எனவே உங்கள் லைசென்ஸ் தொடர்பாக இனி எந்த மனுவானாலும் ராணிப்பேட்டை கலெக்டர் அலுவலகத்தில் நீங்களே நேரில் கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். ரிவால்வரை உரிமம் பெற்ற டீலரிடம் ரசீதோடு மட்டும் வாங்கி, அதன் எண்ணை உங்கள் லைசென்ஸில் தாமதமின்றிப் பதிவு செய்யுங்கள்.