தொற்றுநோயில் இறந்த மகனின் முகத்தை அம்மா பார்த்திருக்கலாமா?

கேள்வி: டாக்டர், என் அண்ணன் நுரையீரல் காசநோயில் மருத்துவமனையில் இறந்துவிட்டார். சிகிச்சை ஆரம்பித்துச் சில நாள்தான் ஆகியிருந்தது. உடலை வீட்டுக்குக் கொண்டுவந்தால் எல்லோருக்கும் ஒட்டிக்கொள்ளும் என்று உறவினர்கள் சொன்னதால் நேராகக் கொண்டுபோய்ப் புதைத்துவிட்டோம். அம்மாவை முகம் பார்க்கக்கூட விடவில்லை. இப்போது என்னடாவென்றால், எரித்திருந்தால்தான் கிருமி செத்திருக்கும், புதைத்தது தப்பு, மண்ணிலும் தண்ணீரிலும் கலந்துவிடும் என்று சிலர் பயமுறுத்துகிறார்கள். நாங்கள் செய்தது சரியா? அம்மா தினமும் கேட்கிறார், என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

பதில்: முதலில் அம்மாவுக்கான பதிலைச் சொல்லிவிடுகிறேன். அவர் மகனின் முகத்தைப் பார்த்திருக்கலாம், பக்கத்தில் உட்கார்ந்து அழுதிருக்கலாம், கையைப் பிடித்திருக்கலாம், பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவியிருந்தால் போதும். புதைத்ததில் எந்தத் தவறும் இல்லை. உங்கள் உறவினர்கள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. தொற்றுநோய் என்ற சொல்லைக் கேட்டால் யாருக்கும் பயம் வரத்தான் செய்யும். அந்த நேரத்தில் கூட நின்று எது ஆபத்து, எது ஆபத்தில்லை என்று பொறுமையாக எடுத்துச் சொல்வது எங்களைப் போன்ற மருத்துவர்களின், செவிலியர்களின் வேலை. அது நடக்காமல் போனதுதான் எனக்கு வருத்தம்.

காசநோய் எப்படிப் பரவுகிறது என்று பாருங்கள். நுரையீரலில் கிருமி இருப்பவர் இருமும்போதும் பேசும்போதும் கண்ணுக்குத் தெரியாத நுண்துளிகள் காற்றில் மிதக்கின்றன, அதை இன்னொருவர் மூச்சில் இழுக்கிறார். இறந்தவர் இருமுவதில்லை, மூச்சும் விடுவதில்லை. கவனிக்க வேண்டியது ஒன்றுதான்: உடலைப் புரட்டும்போதோ தூக்கும்போதோ மார்பு அழுந்தினால் உள்ளே தங்கியிருக்கும் காற்று வாய் வழியாகக் கொஞ்சம் வெளியே வரும். அதனால் தூக்குவதற்கு முன்பு வாயையும் மூக்கையும் ஒரு துணியால் மூடிவிட வேண்டும், தூக்குபவர்கள் என்95 முகக்கவசம் போட்டுக்கொள்ள வேண்டும், அறையின் ஜன்னல்களைத் திறந்து வைக்க வேண்டும். அவ்வளவுதான். காசநோயில் இறந்தவரின் உடலால் நிஜமான ஆபத்து யாருக்கென்றால், பிரேதப் பரிசோதனை செய்பவர்களுக்கும் உடலைப் பதப்படுத்துபவர்களுக்கும்தான், ஏனென்றால் திசுவை வெட்டும்போது கிருமி காற்றில் கிளம்பும். கடைசியாக ஒருமுறை பார்க்க வந்த தாய்க்கு அந்த ஆபத்து இல்லை.

இனி எந்த நோயாக இருந்தாலும் ஒரு கேள்வியைக் கேட்டுப் பழகுங்கள். உயிரோடு இருந்தபோது இது எந்த வழியாகப் பரவியது? மூச்சிலா, ரத்தத்திலா, மலத்திலா, கொசுக்கடியிலா? இறந்த பிறகு அந்த வழி அடைபட்டுவிட்டதா, இன்னும் திறந்திருக்கிறதா என்பதை வைத்துத்தான் எங்கள் விதிகள் எல்லாம் எழுதப்படுகின்றன. பெரும்பாலான நோய்க்கிருமிகளுக்கு உயிருள்ள உடலின் சூடு தேவை, அது போனபின் அவை நீண்ட நாள் தாக்குப்பிடிப்பதில்லை. உடலை அழுகவைக்கும் பாக்டீரியாக்கள் வேறு, ஆளைக் கொன்ற கிருமி வேறு. நாற்றம் வருகிறது என்பதாலேயே நோய் பரவுகிறது என்று நினைக்க வேண்டாம்.

டெங்கு, மலேரியா மாதிரி கொசு பரப்பும் நோய்களில் இறந்தவரைத் தொடுவதாலோ குளிப்பாட்டுவதாலோ அந்த நோய் வராது. கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி, அல்லது எச்ஐவி இருந்தவர்கள் விஷயத்தில் கவனம் முழுக்க ரத்தத்தின் மேல்தான் இருக்க வேண்டும். ஊசி குத்திய இடம், புண், வாயிலிருந்து கசிவு இருந்தால் அவற்றை அடைத்துக் கட்டுப்போட்டுவிட்டு, கையுறை போட்டுக்கொண்டு, தன் கையில் வெட்டுக்காயம் இல்லாத ஒருவர் குளிப்பாட்டலாம். ஹெபடைடிஸ் பி வைரஸ் காய்ந்த ரத்தக்கறையில்கூட ஏழு நாள் வரை பிழைத்திருக்கும், ஆகவே கறை பட்ட இடத்தையும் துணியையும் அலட்சியமாக விடக் கூடாது. நெற்றியில் கை வைப்பதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. எச்ஐவி இருந்தது என்பதற்காக ஒருவரைக் குளிப்பாட்ட ஆள் வராமல் போவதை நான் பார்த்திருக்கிறேன், அதற்கு மருத்துவக் காரணம் எதுவுமே கிடையாது.

காலரா கொஞ்சம் வேறு. அதில் இறந்தவரின் உடலிலிருந்து கிருமி நிறைந்த நீர் தொடர்ந்து கசியும், துணியிலும் தரையிலும் கையிலும் ஒட்டும். அதனால் வாயையும் ஆசனவாயையும் குளோரின் கரைசலில் நனைத்த பஞ்சால் அடைத்து, உடலை 2 சதவீதக் குளோரின் கரைசலால் சுத்தம் செய்து, சீக்கிரமே அடக்கம் செய்ய வேண்டும் என்கிறோம். காலராவில் சாவு வீட்டுக்கு வந்தவர்களுக்கு நோய் வருவது பெரும்பாலும் சாப்பாட்டு வழியாகத்தான். உடலைத் தொட்டவர், துணி துவைத்தவர் அப்படியே போய்ச் சமைக்கிறார், பரிமாறுகிறார், அப்புறம் மூன்றே நாளில் வந்தவர்களில் பலருக்கு வயிற்றுப்போக்கு. எனவே உடலைக் கையாண்டவர்கள் சமையல் பக்கமே போகக் கூடாது, முடிந்தால் கூட்டுச் சாப்பாட்டையே தள்ளிவைத்துவிடுங்கள்.

உண்மையிலேயே தொடக் கூடாத உடல்கள் உண்டு. எபோலா, மார்பர்க் போன்ற ரத்தக்கசிவுக் காய்ச்சல்களில் இறப்பவரின் ரத்தம், வாந்தி, வியர்வை எல்லாவற்றிலும் வைரஸ் உச்சத்தில் இருக்கும், இறந்த பிறகும் அது நாள்கணக்கில் உயிரோடிருக்கும். அங்கே குளிப்பாட்டுவது, கட்டிப்பிடிப்பது, முத்தமிடுவது எல்லாமே உயிருக்கு ஆபத்து. 2014-இல் மேற்கு ஆப்பிரிக்க நாடான சியரா லியோனில், எபோலா நோயாளிகளுக்கு வைத்தியம் பார்த்த ஒரு நாட்டு வைத்தியர் அதே நோயில் இறந்தார், பக்கத்து ஊர்களிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்து அவரை அடக்கம் செய்தார்கள். அந்த ஒரே சாவுச் சடங்கோடு 365 எபோலா மரணங்கள் வரை தொடர்புபடுத்தலாம் என்று உள்ளூர் சுகாதார அதிகாரிகளின் விசாரணை சொன்னதாக உலக சுகாதார நிறுவனம் பதிவு செய்திருக்கிறது. அந்தக் கொள்ளைநோய் முடிவதற்குள் மேற்கு ஆப்பிரிக்காவில் 11,000 பேருக்கு மேல் இறந்துபோனார்கள்.

ஆனால் அங்கே முதலில் எடுத்த நடவடிக்கைகள் நோயைத் தடுக்கவில்லை, அதைத்தான் நான் திரும்பத் திரும்ப மருத்துவ மாணவர்களிடம் சொல்வேன். முகமே தெரியாத வெள்ளை உடைக்காரர்கள் வருவார்கள், மருந்தைத் தெளிப்பார்கள், உடலைப் பையில் போட்டு எடுத்துக்கொண்டு போவார்கள், எங்கே புதைத்தார்கள் என்பதுகூடப் பல குடும்பங்களுக்குத் தெரியாது. லைபீரியாவின் தலைநகர் மன்ரோவியாவில் 2014 ஆகஸ்டிலிருந்து எல்லா உடல்களையும் எரிக்க வேண்டும் என்று உத்தரவே வந்தது. எரிக்கும் வழக்கமே இல்லாத மக்கள் என்ன செய்வார்கள்? நோயாளியை வீட்டிலேயே மறைத்து வைத்தார்கள், இறந்தால் யாருக்கும் சொல்லாமல் தாங்களே குளிப்பாட்டிப் புதைத்தார்கள், நோய் இன்னும் பரவியது. அந்த ஆண்டு டிசம்பரில் அரசே புதைப்பதற்குத் தனி நிலம் ஒதுக்க வேண்டி வந்தது.

அதற்குள் 2014 நவம்பரில் உலக சுகாதார நிறுவனம் புது வழிமுறையை வெளியிட்டிருந்தது, பாதுகாப்பான, கண்ணியமான அடக்கம் என்பது அதன் பெயர். செஞ்சிலுவைச் சங்கத்தின் தன்னார்வலர்கள் இதை வைத்துத்தான் வீடு வீடாகப் போனார்கள். குழு வந்து இறங்கும்போது கவச உடை போட்டிருக்கக் கூடாது, சாதாரண உடையில் வந்து குடும்பத்தாரிடம் துக்கம் விசாரித்து, என்ன செய்யப்போகிறோம் என்று சொல்லி, சம்மதம் வாங்கி, அதன்பிறகுதான் உடையைப் போட வேண்டும். குடும்பம் தங்கள் பக்கத்துக்கு ஒரு சாட்சியைத் தேர்ந்தெடுக்கும். தூரத்தில் நின்று பார்க்கலாம், பிரார்த்தனை செய்யலாம், இறந்தவருக்குப் பிரியமான பொருளை உள்ளே வைக்கச் சொல்லலாம். முஸ்லிம் குடும்பமாக இருந்தால், தண்ணீர் ஊற்றிக் குளிப்பாட்டுவதற்குப் பதிலாகத் தண்ணீரில்லாத சுத்திகரிப்பைக் கையுறை போட்டவர் செய்வார், உடலைப் போர்த்தும் கஃபன் துணியும் உண்டு. கல்லறையில் பெயர் இருக்கும். தொடுவதைத் தவிர ஏறக்குறைய எல்லாமே திரும்பக் கிடைத்தது, ஜனங்களும் மரணங்களை மறைக்காமல் சொல்ல ஆரம்பித்தார்கள். இவ்வளவு கொடிய நோயிலேயே முகம் பார்க்கவும் விடைகொடுக்கவும் வழி இருந்தது என்றால், காசநோய்க்கு ஒரு தாயைத் தள்ளி நிறுத்த வேண்டிய அவசியம் எங்கிருந்து வந்தது?

கோவிட் வந்தபோதும் இதே குழப்பம்தான். 2020 மார்ச் மாதமே உலக சுகாதார நிறுவனம் எழுதிவிட்டது: குடும்பத்தினர் தொடாமல், முத்தமிடாமல் உடலைப் பார்க்கலாம், பிறகு கையைக் கழுவ வேண்டும், தொற்றுநோயில் இறந்தவர்களை எரித்தே ஆக வேண்டும் என்பது உண்மையல்ல, அது அவரவர் வழக்கத்தையும் வசதியையும் பொறுத்தது. அதை யாரும் படித்த மாதிரியே தெரியவில்லை.

எரிப்பதா, புதைப்பதா என்ற உங்கள் கேள்விக்கும் அதுதான் பதில். கால்நடைகளிடமிருந்து மனிதருக்கு வரும் ஆந்த்ராக்ஸ் மாதிரி, மண்ணில் பல பத்தாண்டு கிடந்தாலும் சாகாத வித்துக்களை உண்டாக்கும் ஒன்றிரண்டு கிருமிகளில் எரிப்பது மேல் என்போம். மற்றபடி ஒழுங்காக ஆழத்தில் புதைத்த உடலிலிருந்து கிருமி மேலேறி வந்து யாரையும் பிடிக்காது, காசநோய்க் கிருமி மூச்சில் போனால்தான் பிரச்சினை, மண்ணுக்குள் இருந்து அது யார் மூச்சுக்குள்ளும் போகப் போவதில்லை. தண்ணீரைப் பற்றிய பயத்தில் மட்டும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது, எந்த உடலாக இருந்தாலும் கிணற்றை ஒட்டிப் புதைக்கக் கூடாது. குழியின் அடிப்பகுதி நிலத்தடி நீர்மட்டத்துக்குக் குறைந்தது 1.5 மீட்டர் மேலே இருக்க வேண்டும், குடிநீர் எடுக்கும் இடம் குறைந்தது 30 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும், மணற்பாங்கான நிலமென்றால் இன்னும் தள்ளி. வழக்கமான அடக்க நிலத்தில் புதைத்திருந்தால் இதற்காகக் கவலைப்பட வேண்டாம்.

வீட்டைப் பற்றியும் கேட்பீர்கள். காசநோய் துணி வழியாகவோ தட்டு, டம்ளர் வழியாகவோ பரவாது. அண்ணனின் உடைகளைச் சாதாரணமாகச் சோப்புப் போட்டுத் துவைத்து வெயிலில் காயப்போடுங்கள், மெத்தையை வெயிலில் வையுங்கள், அறையை நாள் முழுக்கத் திறந்து காற்றோட்டமாக விடுங்கள். எதையும் கொளுத்த வேண்டாம், அவர் நினைவாக அம்மா ஒரு சட்டையை வைத்துக்கொள்ள ஆசைப்பட்டால் தாராளமாக வைத்துக்கொள்ளட்டும். வேறு நோய்களில் ரத்தமோ மலமோ பட்ட தரையைத் துடைக்க 5 சதவீத பிளீச் ஒரு பங்கு, தண்ணீர் ஒன்பது பங்கு கலந்தால் 0.5 சதவீதக் கரைசல் கிடைக்கும், முதலில் கறையைத் துடைத்தெடுத்துவிட்டுப் பிறகு இதை ஊற்றிப் பத்து நிமிஷம் விட்டுத் துடையுங்கள். இதோடு கழிவறை ஆசிடைக் கலந்துவிடாதீர்கள், வரும் வாயு நுரையீரலைப் பாதிக்கும்.

இனி யாராவது உங்களிடம் இப்படிக் கேட்டு வந்தால், உடலை வாங்குவதற்கு முன்பே மருத்துவரிடம் நேராகக் கேட்கச் சொல்லுங்கள். என்ன நோய், அது எப்படிப் பரவும், நாங்கள் முகம் பார்க்கலாமா, குளிப்பாட்டலாமா, முடியாதென்றால் எங்கள் சார்பில் யார் செய்வார்கள்? இதற்கெல்லாம் பதில் கேட்பது குடும்பத்தின் உரிமை, யாரும் முகம் சுளிக்கக் கூடாது. காரணம் சொல்லாமல் முடியாது என்று மட்டும் சொன்னால் மறுபடி கேளுங்கள்.

கடைசியாக, உங்கள் கடிதத்தில் கேட்காத ஒன்று, ஆனால் எனக்கு இதுதான் பெரிய கவலை. அண்ணனின் உடலால் அல்ல, அவர் சிகிச்சை இல்லாமல் வீட்டில் இருமிக்கொண்டிருந்த அந்த நாட்களால்தான் உங்கள் வீட்டில் யாருக்காவது கிருமி போயிருக்கக்கூடும். அவரோடு ஒரே வீட்டில் இருந்த எல்லோரும், அம்மா உட்பட, காசநோய்ப் பரிசோதனைக்குப் போக வேண்டும், இப்போது எந்தத் தொந்தரவும் இல்லாவிட்டாலும். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், மாலையில் காய்ச்சல், எடை குறைவது, இரவில் வியர்ப்பது இதில் எது இருந்தாலும் சளிப் பரிசோதனையை இன்றே செய்துகொள்ளுங்கள். நோய் இல்லை என்று உறுதியானால் வராமல் தடுக்க மாத்திரை இருக்கிறது, ஐந்து வயதுக்குக் கீழே குழந்தை யாராவது வீட்டில் இருந்தால் அதைத் தள்ளிப்போடவே கூடாது. அண்ணனுக்குக் கொடுத்த மருந்துகளுக்குக் கிருமி கட்டுப்படவில்லை என்று பரிசோதனையில் தெரிந்திருந்தால் உங்களுக்குத் தரும் மாத்திரையும் மாறும், அதனால் போகும்போது அவருடைய சிகிச்சைச் சீட்டையும் பரிசோதனை முடிவுகளையும் மறக்காமல் எடுத்துக்கொண்டு போங்கள்.