கொரோனா முடக்கக் காலத்துச் செத்த வீடுகளில் கூடிய சனத்தைப் பொலிஸ் எப்படிக் கையாண்டது? கலைத்திருக்க வேண்டாமா?

நான் திருகோணமலையில் ஒரு மரண சகாய சங்கத்தின் நிர்வாகத்தில் இருப்பவன். பந்தல், கதிரை, பெட்டி, வெள்ளைக்கொடி, சுடலைக்கு விறகு என்று ஒழுங்கு செய்வது எங்கள் வேலை. 2020 மார்ச் 20 ஊரடங்கு தொடங்கியதிலிருந்து 2021 ஒக்டோபரில் முடக்கம் தளரும் வரை எங்கள் பகுதியில் விழுந்த இழவுகளில் பெரும்பாலானவற்றில் நின்றிருக்கிறேன். அந்த அனுபவத்தில் சொல்வதென்றால், கூடிவிட்ட செத்த வீட்டை எந்தப் பொலிஸாலும் கலைக்க முடியாது. கூடாமல் பார்க்கலாம். அதற்கும் பொலிஸ் முதலாம் ஆளல்ல, மூன்றாம் ஆள்.

சட்டம் இல்லாமலில்லை. 1897ஆம் ஆண்டின் தனிமைப்படுத்தல், நோய்த்தடுப்புக் கட்டளைச் சட்டம் இருந்தது. 2020 ஒக்டோபர் 15 வர்த்தமானியோடு முகக்கவசமும் ஒரு மீற்றர் இடைவெளியும் சட்டமாயின. மீறினால் 10,000 ரூபா வரை தண்டம், ஆறு மாதம் வரை மறியல். சரி, செத்த வீட்டில் யார் மேல் வழக்கு எழுதுவது? வீட்டுக்காரன் என்று பார்த்தால், அவன் மொட்டையடித்து, ஈர வேட்டியோடு கொள்ளிக்குடம் தூக்கத் தயாராக நிற்பான். அவனிடம் அடையாள அட்டை கேட்கிற மனம் எந்தக் கொஸ்தாப்பலுக்கும் வராது. வந்தாலும் சுற்றி நிற்கிற சனம் விடாது. இது பொலிஸுக்கும் தெரியும். அதனால் வாசலில் நின்று, தெரிந்த அரைத் தமிழில் “ஐயா, மிச்சம் ஆள் நிக்கிது” என்று சொல்லிவிட்டு ஜீப்புக்குப் போய்விடுவார்கள். நான் அதைக் குறையாகச் சொல்லவில்லை.

சுற்றறிக்கைகளும் அப்படித்தான். ஒன்றில் 25 பேர், இன்னொன்றில் 15 பேர் என்று எண்ணிக்கை மாறிக்கொண்டே இருந்தது. பிரேதம் கையில் கிடைத்து 24 மணித்தியாலத்துக்குள் அடக்கம் முடிய வேண்டும். எண்ணிக்கைக்கு முன்னால் “ஒரே நேரத்தில்” என்று ஒரு சொல் இருந்தது. பலர் இதைக் கவனிக்கவில்லை. நாள் முழுக்க முந்நூறு பேர் வரலாம், ஒரு பொழுதில் பதினைந்து பேருக்கு மேல் நிற்கக் கூடாது, அவ்வளவுதான். அப்படியென்றால் தலை எண்ணுவதில் பயனில்லை, வந்தவரை எழும்பிப் போக வைப்பதே வேலை. இதைப் பொலிஸுக்கு முன்னால் புரிந்துகொண்டவர் எங்கள் பிரிவுப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர். “கதிரையைக் குறையுங்கோ” என்றார். சங்கத்தில் நூற்றுக்கணக்கில் கதிரை இருக்கிறது, பத்தோ பன்னிரண்டோதான் இறக்கினோம். இருக்க இடமில்லாதவர் முகம் பார்த்து, மகனின் தோளைத் தொட்டு, பத்து நிமிடத்தில் படலை தாண்டிப் போய்விடுவார். கதிரை கிடைத்தவர் இரண்டு தேத்தண்ணி குடித்து, இறந்தவரின் கலியாணக் கதையிலிருந்து தொடங்கி அரசியல் வரை பேசிவிட்டுத்தான் எழும்புவார்.

தேத்தண்ணியைச் சும்மா சொல்லவில்லை. 2020 பெப்ரவரியில் சிக்காகோவில் ஒரு மரணச் சடங்கோடு தொடங்கிய தொற்றை அங்குள்ள சுகாதார அதிகாரிகள் தடம் பிடித்து எழுதியிருக்கிறார்கள். சடங்குக்கு முதல் நாள் வீட்டாரோடு பகிர்ந்து உண்ட சாப்பாடு, சடங்கில் கட்டிப்பிடித்து அழுதது, பிறகு ஒரு பிறந்தநாள் விழா. மொத்தம் 16 பேருக்குத் தொற்று, மூன்று பேர் இறந்தார்கள். எங்கள் ஊரில் இழவு வீட்டில் அடுப்பு மூட்டமாட்டார்கள். அயலார் சமைத்துக் கொண்டுவருவார்கள், எல்லாரும் பின் விறாந்தையில் நெருங்கியிருந்து சாப்பிடுவார்கள். ஒப்பாரி வைக்கும் பெண்கள் ஒருவர் கழுத்தை ஒருவர் கட்டியபடியே இருப்பார்கள். பொலிஸ் நின்றதோ முன் படலையில், காற்று வரும் இடத்தில். உள்ளே போய் ஒப்பாரியை நிறுத்தச் சொல்லியிருக்க வேண்டும் என்று யாரும் வாதாட வேண்டாம். அதைச் சொல்லக்கூடியவர் அந்த வீட்டின் பெரியம்மாவோ மாமியோதான். சொன்ன வீடுகளும் இருந்தன.

கூட்டம் உண்மையில் கூடுவது இரண்டு தடவை. சுண்ணம் இடித்து, பேரப்பிள்ளைகள் பந்தம் பிடித்து, பெட்டி மூடப் போகிற அந்த அரை மணித்தியாலம் ஒன்று, சுடலை மற்றது. அந்த அரை மணித்தியாலம் எப்போது என்று ஊருக்குத் தெரியாவிட்டால் கூட்டமும் இல்லை. அதனால் மரண அறிவித்தலில் நேரம் போடுவதை நிறுத்தினோம். வானொலி அறிவித்தலில் “இறுதிக் கிரியைகள் குடும்பத்தினருடன் நடைபெறும்” என்ற ஒரு வரி. கனடாவிலும் லண்டனிலும் இருக்கும் பிள்ளைகளுக்குக் கைபேசியில் நேரடியாகக் காட்டினோம். செத்த வீட்டை வீடியோ எடுத்து அனுப்புவது எங்களுக்குப் புதிதில்லை, போரில் சனம் சிதறிய காலத்திலிருந்தே உள்ள பழக்கம்.

பொலிஸின் கை உண்மையாக வேலை செய்த இடம் தெரு. 2021 மே மாதம் மாகாணங்களுக்கு இடையிலான பயணத்துக்குத் தடை வந்த பிறகு யாழ்ப்பாணத்திலிருந்தோ வவுனியாவிலிருந்தோ வரவேண்டிய உறவு வரவில்லை. விதானையாரின் (கிராம அலுவலரின்) கடிதத்தோடு நெருங்கிய உறவு நாலைந்து பேரை விட்டார்கள், வானில் நிறைந்து வந்தவர்களைத் திருப்பினார்கள். மகளைத் திருப்பிவிட்டு மச்சானை விட்ட கொடுமையும் நடந்தது. சோதனைச் சாவடியில் நிற்பவருக்கு முறை தெரியாது, மொழியும் தெரியாது.

இனி கசப்பான பகுதி. 2020 மே 26இல் மலையகத் தமிழரின் தலைவரும் அமைச்சருமான ஆறுமுகன் தொண்டமான் இறந்தார். 31ஆம் திகதி நோர்வூட்டில் தகனம். நுவரெலியா மாவட்டத்தில் ஊரடங்கு, ஆனாலும் பூதவுடல் போன வழியெல்லாம் சனம். மலையகச் சனத்துக்கு அவர் யார் என்று எனக்குத் தெரியும், போனவர்களைக் குறை சொல்லமாட்டேன். ஆனால் அதைத் தொலைக்காட்சியில் பார்த்த எங்கள் ஊர்ச் சனத்திடம் மறுநாள் நான் எந்த முகத்தோடு “ஆளைக் குறையுங்கோ” என்று சொல்வது? “அமைச்சர் என்றால் கொரோனா ஒதுங்கிப் போகுமோ” என்று கேட்டார்கள். அதற்குப் பதில் எவரிடமும் இல்லை. போரில் இறந்தவர்களுக்கான நினைவேந்தல்களைத் தடுக்க நீதிமன்றம் போனபோது பொலிஸ் இதே தனிமைப்படுத்தல் சட்டத்தையும் தூக்கிக்கொண்டு போனது, அதையும் சனம் பார்த்துக்கொண்டுதான் இருந்தது.

இறந்தவரை எரிக்காமல் அடக்கும் முஸ்லிம்கள் நிறைந்த கிண்ணியா, மூதூர் பக்கத்துக்கு நடந்தது இதைவிட மோசம். உடலால் எவருக்கும் தொற்றியதாகச் சான்று இல்லை, அடக்கலாம் அல்லது எரிக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2020 மார்ச்சிலேயே சொல்லியிருந்தது. இங்கே 2020 ஏப்ரல் 11 வர்த்தமானி கொரோனாவில் இறந்த எல்லாரையும் எரிக்கச் சொன்னது. 2021 பெப்ரவரி இறுதியில்தான் அடக்க அனுமதி வந்தது. மார்ச் 5 தொடக்கம் மட்டக்களப்பு மாவட்டத்து ஓட்டமாவடி மஜ்மா நகரில் அடக்கம். கிண்ணியாவில் ஒரு ஜனாஸா என்றால் மூதூர், வெருகல், வாகரை தாண்டிப் போகவேண்டும், கூடப்போவது விரல் விட்டு எண்ணும் அளவு ஆட்கள். அந்தப் பத்து மாதமும் பல வீடுகளில் காய்ச்சல் வந்தவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவே பயந்தார்கள். வாப்பாவை எரித்துவிடுவார்கள் என்று நம்புகிற பிள்ளை நோயை மறைக்கத்தான் பார்க்கும். கூட்டம் குறைக்கும் விதியும் எரிக்கும் விதியும் சனத்தின் கண்ணுக்கு ஒரே கையிலிருந்து வந்தவை. பின்னதால் முன்னதும் கெட்டது. 2024இல் அமைச்சரவை மன்னிப்புக் கேட்டது.

வெளிநாட்டுக் கதைகள் இரண்டு இதோடு ஒட்டி வருகின்றன. வங்காளதேசத்தின் பிராமன்பாரியா மாவட்டத்தில் 2020 ஏப்ரல் 18 அன்று ஒரு மௌலானாவின் ஜனாஸாவுக்கு முடக்கத்துக்கு நடுவே இலட்சம் பேர் வரை கூடியதாகச் செய்திகள் வந்தன. அங்கே பொலிஸ் நிலையப் பொறுப்பதிகாரியை இடத்தைவிட்டு அகற்றினார்கள். அத்தனை சனத்துக்கு முன் ஒரு பொறுப்பதிகாரி என்னதான் செய்திருப்பார்?

மற்றது வட அயர்லாந்தின் பெல்பாஸ்ட். 2020 ஜூன் 30 அன்று பொபி ஸ்டோரி என்ற பழைய ஐஆர்ஏ (ஐரிஷ் ஆயுத இயக்கம்) தலைவரின் இறுதி ஊர்வலத்தில் ஏறக்குறைய இரண்டாயிரம் பேர். அப்போதைய துணை முதலமைச்சர் மிஷேல் ஓ நீல் உட்பட சின் ஃபெயின் கட்சி அரசியல்வாதிகள் 24 பேர் அதில் நின்றார்கள். அடுத்த ஆண்டு மார்ச்சில் வழக்குத் தொடர்வதில்லை என்று அரச வழக்குத்துறை முடிவெடுத்தது. விதிகள் அடிக்கடி மாறிக் குழம்பிக் கிடந்தன என்பது ஒரு காரணம். பொலிஸ் ஏற்பாட்டாளர்களோடு முன்கூட்டியே பேசியிருந்தது மற்றக் காரணம். பலருக்குக் கோபம். எனக்கென்றால், முதலில் பேசியதில் பிழை இல்லை. நாங்களும் பேசினோம். பெரிய ஆள் செத்தால் பேச்சுவார்த்தை, சின்ன ஆள் செத்தால் சட்டம் என்று வரும்போதுதான் பிழை.

ஆகவே கலைத்திருக்க வேண்டாமா என்ற கேள்விக்கு என் பதில்: வேண்டாம். இழவு விழுந்த ஒரு மணித்தியாலத்துக்குள் விதானையார், சுகாதாரப் பரிசோதகர், பொலிஸில் தமிழ் தெரிந்த ஒருவர், வீட்டாரில் ஒரு மூத்தவர், சங்கத்தில் ஒருவர் என ஐந்து பேரும் படலையடியில் நின்று பேசியிருந்தால் போதும். எத்தனை மணிக்குப் பெட்டி மூடுவது, யார் சுடலைக்குப் போவது, சாப்பாடு பொதியாகவா பந்தியாகவா என்று முடிவெடுத்து ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வைத்திருக்கலாம். அமைச்சர் வீட்டுக்கும் அதே தாள்தான். எங்கள் பக்கம் அப்படிப் பேசிய வீடுகளில் பொலிஸ் இரண்டாம் தடவை வரவே இல்லை.

ஒன்று மட்டும் அப்போது எவர் கண்ணிலும் படவில்லை. செத்த வீட்டுக்கு வராமல் நின்றவர்கள் கணக்குத் தீர்க்க எட்டாம் நாள் சடங்குக்கும் அந்தியேட்டிக்கும் வந்தார்கள். எண்ணிக்கையெல்லாம் இறந்த அன்றைக்குத்தான். 31ஆம் நாள் மத்தியான போசனத்துக்கு எங்கள் சங்கத்தில் கதிரை கேட்டு வந்தவர்கள் நூறு, நூற்றைம்பது என்று கேட்டார்கள். சில வீடுகளுக்குக் கொடுத்தோம், சிலருக்குப் பந்தலோடு நிறுத்தினோம். அதற்குப் பொலிஸ் வந்ததாக எனக்கு நினைவில்லை.