அத்தைக்குப் புரியாதா?

கேள்வி: நான் சிறு தயாரிப்பாளர். காலமான என் தாய்மாமா எழுதி, சபாக்களில் நன்றாக ஓடிய நாடகத்தைப் படமாக்குகிறேன். கதை முழுக்க ஒரே கூடத்தில் நடப்பதால், நாடகத்தையே படம் பிடித்தது போல ஆகிவிடுமோ என்று பயம். பாட்டு, வெளிப்புறக் காட்சி எல்லாம் சேர்க்கலாமா? கேமரா வாடகைக்கு ஒப்பந்தம் போட்டாயிற்று. அத்தைக்கு இந்த விவரமெல்லாம் புரியாது. "பார்த்துச் செய்யப்பா" என்றுவிட்டார்.
- பெயர் வேண்டாம், திருச்சி

பதில்: கூடத்தை விட்டு எப்போது வெளியே போவது என்பது உங்கள் இயக்குநரின் கவலை. கேமராக்காரருக்குப் பத்திரம், அத்தைக்கு வாய்வார்த்தையா?

புரியாது என்கிறீர்களே, உட்கார்ந்து சொல்லிப் பார்த்தீர்களா? ஒத்திகைக்கு வந்தவர்களுக்கெல்லாம் காபி ஆற்றிக் கொடுத்தவருக்கு அந்த வசனங்கள் உங்களைவிட நன்றாகவே தெரிந்திருக்கும். புரிந்துவிட்டால் பணம் கேட்பாரோ என்று பயந்திருக்கிறீர்கள். சொந்தக்காரர் என்றால் இலவசம் என்கிற இந்தப் புத்தி எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. உறவு கெடக்கூடாது என்றால் அங்கேதான் முதலில் கணக்கு சுத்தமாக இருக்க வேண்டும்.

சட்டமும் அத்தை பக்கம்தான். எழுதியவர் இறந்த பிறகும் 60 வருடம் பதிப்புரிமை உண்டு. மாமா உயில் எழுதவில்லை என்றால் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அது அத்தைக்கும் பிள்ளைகளுக்கும் சமமாகப் போகும். பிள்ளைகளைப் பற்றி உங்கள் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லையே, ஏன்? எல்லோரும் கையெழுத்துப் போட்டால்தான் உரிமை உங்கள் கைக்கு வரும். ஒப்பந்தத்தில் காலம் குறிக்காவிட்டால் 5 வருடம்தான். இடம் குறிக்காவிட்டால் இந்தியா மட்டும்தான். ஒரு வருடத்துக்குள் பயன்படுத்தாவிட்டால் உரிமை காலாவதி ஆகிவிடும் என்பதால், அதற்கும் ஒரு வரி எழுதிக்கொள்ளுங்கள். சின்னப் படம், எப்போது முடியுமோ! நாளைக்கு ஓடிடிக்காரர்கள் கதை உரிமைக் காகிதம் கேட்கும்போது "அத்தை சொன்னார்" என்பீர்களா?

டைட்டிலில் மாமா பெயர் எங்கே வரும் என்பதையும் எழுதுங்கள். 'வியட்நாம் வீடு' 1970-ல் படமாக வந்தபோது சிவாஜி அத்தனை பெரிய நட்சத்திரம். ஆனாலும் அந்த நாடகத்தை எழுதியவர் கடைசிவரை வியட்நாம் வீடு சுந்தரம்தான். உங்கள் மாமாவைக் கடைசியில் 'நன்றி' பட்டியலில் தள்ளிவிடாதீர்கள்.

இந்த வாரமே போய், திரைக்கதை முழுவதையும் அத்தைக்குப் படித்துக் காட்டுங்கள். பிள்ளைகளும் கூட இருக்கட்டும். முன்பணத்தை அவரவர் வங்கிக் கணக்கில் போடுங்கள். "செலவுக்கு வைத்துக்கொள்ளுங்கள் அத்தை" என்று கையில் திணித்துவிட்டு வராதீர்கள்.