படபடப்பு அடங்கிவிட்டது, தைராய்டு மாத்திரையை நிறுத்தலாமா?

கேள்வி: என் வயது 44. ஆறு மாதமாகப் படபடப்பு, கை நடுக்கம், தூக்கமின்மை. நன்றாகச் சாப்பிட்டும் எட்டு கிலோ இளைத்துவிட்டேன். இசிஜியில் துடிப்பு வேகமாக இருந்தது, எக்கோவில் குறை இல்லை, மனப்பதற்றம் என்றார்கள். பிறகு ரத்தப் பரிசோதனையில் டிஎஸ்ஹெச் 0.01 என்று வந்தது. டி3, டி4 இரண்டும் அதிகம். கார்பிமசோல், ப்ராப்ரனலால் மாத்திரைகள் சாப்பிடத் தொடங்கிய பத்து நாளில் படபடப்பு அடங்கிவிட்டது. இனி நிறுத்தலாமா? இதயம் கெட்டுப்போயிருக்குமா?

பதில்: தயவுசெய்து நிறுத்தாதீர்கள். அடங்கியிருப்பது படபடப்புதான், தைராய்டு இல்லை. டி3, டி4 தைராய்டு சுரப்பியின் ஹார்மோன்கள். டிஎஸ்ஹெச், அவற்றைச் சுரக்கச் சொல்லும் பிட்யூட்டரி ஹார்மோன். அவை மிகுந்தால் இது இறங்கிவிடும்; உங்களுக்கு நடந்திருப்பது அதுதான். இந்தப் பத்து நாள் நிம்மதியைக் கொடுத்தது ப்ராப்ரனலால். அது துடிப்பின் வேகத்தையும் நடுக்கத்தையும் குறைக்கும். சுரப்பி அளவுக்கு மீறி வேலை செய்வதை நிறுத்தாது. அந்த வேலை கார்பிமசோலுடையது. அதுவும் புதிதாக ஹார்மோன் உருவாவதைத்தான் தடுக்கும். சுரப்பிக்குள் ஏற்கெனவே சேர்ந்திருக்கும் இருப்பு கரைந்த பிறகுதான் ரத்தத்தில் அளவு இறங்கும். அதற்குப் பொதுவாக மூன்று முதல் ஆறு வாரம் ஆகும். இடையில் விட்டால் எல்லாம் பழையபடி திரும்பும். ப்ராப்ரனலாலைத் திடீரென்று நிறுத்தினால் துடிப்பு முன்னைவிட எகிறவும் கூடும். எப்போதாவது ஆஸ்துமா இருந்திருந்தால் அதை மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். அந்த மாத்திரை மூச்சுக்குழாயைச் சுருக்கும்.

இனி இதயம். டி3 ஹார்மோன் இதயத் தசைக்குள் நேரடியாகப் போய் அதை வேகமாகவும் அழுத்தமாகவும் துடிக்கவைக்கிறது. அதே நேரம் உடலெங்கும் சிறு ரத்தக்குழாய்கள் தளர்கின்றன. மேல் ரத்த அழுத்தம் ஏறி, கீழ் அழுத்தம் இறங்கி, இரண்டுக்கும் இடைவெளி கூடுவது இதனால்தான். இதயம் நிமிடத்துக்கு வெளியேற்றும் ரத்தம் வழக்கமான அளவைப் போல இரண்டு மடங்குவரைகூடப் போகும். இத்தனையும் ஓய்வாக உட்கார்ந்திருக்கும்போதே நடக்கிறது.

மனப்பதற்றம் என்று சொல்லப்பட்டு அலைபவர்கள் ஏராளம். அதனால் ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். பதற்றத்தால் வரும் படபடப்பு தூங்கும்போது பெரும்பாலும் தணிந்துவிடும். தைராய்டு மிகுந்தவருக்குத் தூக்கத்திலும் நாடி ஓடிக்கொண்டே இருக்கும். கையைப் பிடித்துப் பார்த்தாலும் ஒரு துப்புக் கிடைக்கும்: பதற்றக்காரரின் உள்ளங்கை வியர்த்துச் சில்லிட்டிருக்கும், தைராய்டு மிகுந்தவரின் உள்ளங்கை வியர்த்துக் கதகதப்பாக இருக்கும். இவை சந்தேகத்தைக் கிளப்புவதற்கு மட்டுமே. முடிவு சொல்வது ரத்தப் பரிசோதனைதான். காரணம் தெரியாத படபடப்புக்கு அதை முதலிலேயே எடுத்துவிட வேண்டும்.

நான் அதிகம் அஞ்சுவது வேகத்தைவிடத் தாளம் தப்புவதைத்தான். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்னும் நிலையில் இதயத்தின் மேலறைகள் ஒழுங்காகச் சுருங்காமல் வெறுமனே நடுங்கும். அங்கே தேங்கும் ரத்தம் உறைந்து, உறைகட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம். தைராய்டு மிகுந்தவர்களில் நூற்றுக்குப் பத்துப் பதினைந்து பேருக்கு இது வரலாம். வயது ஏற ஏற வாய்ப்பும் ஏறும். டி3, டி4 சரியாக இருந்து டிஎஸ்ஹெச் மட்டும் 0.1க்குக் கீழே கிடந்தால்கூட, 60 வயதைத் தாண்டியவர்களுக்குப் பத்தாண்டுகளில் இந்த அபாயம் மூன்று மடங்கு என்று 1994இல் வெளியான, அமெரிக்காவின் ஃபிரேமிங்ஹாம் ஆய்வு காட்டியது. வயதானவர்களிடம் நடுக்கமோ பரபரப்போ தெரியாமலும் போகும். சோர்ந்து, இளைத்து, மூச்சு வாங்குவார்கள். வீட்டில் உள்ளவர்கள் முதுமை என்று விட்டுவிடுவார்கள்.

உங்கள் எக்கோ நன்றாக இருந்தது நல்ல செய்தி. ஹார்மோன் அளவு சீரானதும் இத்தகைய இதயம் பெரும்பாலும் முழுமையாகத் தேறிவிடும். தாளம் தப்பியவர்களிலும் பலருக்குத் தானாகவே சரியாகிறது. வருடக்கணக்கில் கவனிக்காமல் விட்டால்தான் இதயம் களைத்து, கால் வீங்கி, படுத்தால் மூச்சுத் திணறும் நிலை வரும்.

தினமும் காலையில் படுக்கையை விட்டு எழும் முன் மணிக்கட்டில் நாடியை ஒரு முழு நிமிடம் எண்ணிக் குறித்துவையுங்கள். எண்ணிக்கையோடு, துடிப்புகள் சம இடைவெளியில் விழுகின்றனவா என்பதையும் கவனியுங்கள். தாறுமாறாக விழுந்தால் அன்றே இசிஜி எடுக்க வேண்டும்.

இதயத்தோடு இது நிற்பதில்லை. எலும்பு தேயும், மாதவிடாய் தவறும், வயிறு அடிக்கடி இளகும். தொடைத் தசை வலுவிழந்து, தரையிலிருந்து கை ஊன்றாமல் எழ முடியாது. கண் உறுத்தினாலோ, பிதுங்கினாலோ, இரட்டையாகத் தெரிந்தாலோ கண் மருத்துவரையும் பாருங்கள். புகைபிடித்தால் அந்தக் கண் பாதிப்பு இன்னும் மோசமாகும்.

மருத்துவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, “எனக்கு இது எதனால் வந்தது?” என்பது. உடலின் எதிர்ப்புச் சக்தியே சுரப்பியைத் தூண்டும் கிரேவ்ஸ் நோயா, தானாகச் சுரக்கும் கட்டியா, சுரப்பி அழற்சியா? அழற்சி என்றால் சேமிப்பு கசிந்து தானே ஓய்ந்துவிடும். கார்பிமசோலுக்கு அங்கே வேலையே இல்லை. எதிரணுப் பரிசோதனையும் ஸ்கேனும் இதைப் பிரித்துக் காட்டும். கிரேவ்ஸ் என்றால் 12 முதல் 18 மாதம் மாத்திரை. அதன் பிறகு ஏறத்தாழப் பாதிப் பேருக்கு நோய் திரும்பும். அப்போது கதிரியக்க அயோடினோ அறுவை சிகிச்சையோ இருக்கிறது, பயப்பட வேண்டியதில்லை.

இதை மட்டும் மறக்கவே கூடாது. கார்பிமசோல் சாப்பிடும்போது காய்ச்சல், கடும் தொண்டைவலி, வாய்ப்புண் வந்தால் அடுத்த வேளை மாத்திரையைப் போடாமல் அன்றே வெள்ளை அணுக்களை எண்ணிப் பார்க்க வேண்டும். அரிதாக அவை அடியோடு சரிந்துவிடும், முக்கியமாக முதல் மூன்று மாதங்களில். கண் மஞ்சளித்தாலும் இதே அவசரம். கருத்தரிக்கும் வாய்ப்பு இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள்; மாத்திரையை மாற்ற வேண்டியிருக்கும்.

அடுத்த பரிசோதனையில் டி3, டி4 இறங்கியும் டிஎஸ்ஹெச் 0.01இலேயே நிற்கலாம். அது எழுந்திருக்கச் சில மாதங்கள் பிடிக்கும். மருந்து வேலை செய்யவில்லை என்று எண்ணிவிடாதீர்கள். முடி உதிர்வுக்காக பயோட்டின் மாத்திரை எடுத்துக்கொண்டிருந்தால் பரிசோதனைக்கு ரத்தம் கொடுப்பதற்கு இரண்டு நாள் முன்பே அதை நிறுத்திவிடுங்கள். தைராய்டு மிகுந்ததுபோல் அது பொய்யான எண்ணைக் காட்டிவிடும்.