பைலட் உடம்புக்கு என்ன சோதனை? வாசகர் கேள்வி – பதில்

என் மகன் பிளஸ் டூ படிக்கிறான். பைலட் ஆக ஆசைப்படுகிறான். மைனஸ் மூன்று பவர் கண்ணாடி. ‘கண்ணாடி போட்டவனை எடுக்க மாட்டார்கள்’ என்கிறார்கள் சொந்தக்காரர்கள். உண்மையா?
– வாசகி, குடியாத்தம்

விமானப்படை விதி வேறு, அது கடுமையானது. பயணிகள் விமானத்துக்கான சர்வதேச விதிப்படி, கண்ணாடி போட்டு ஒவ்வொரு கண்ணிலும் 6/9, இரண்டு கண்ணும் சேர்ந்து 6/6 பார்வை இருந்தால் போதும். (6/6 என்பது இயல்பான பார்வை; 6/9 அதைவிடச் சற்றுக் குறைவு.) பறக்கும்போது மாற்றுக் கண்ணாடி ஒன்று கைவசம் இருக்க வேண்டும்.

பவரைவிட நிறப்பார்வைக்குத்தான் நீங்கள் கவலைப்பட வேண்டும். ஓடுபாதை ஓரத்தில் நான்கு விளக்குகள் வரிசையாக எரியும். இரண்டு வெள்ளை, இரண்டு சிவப்பாகத் தெரிந்தால் விமானம் சரியான சரிவில் இறங்குகிறது. நான்குமே சிவப்பென்றால் மிகவும் தாழ்ந்துவிட்டது. சிவப்பு–பச்சைக் குறைபாடு பிறவியிலேயே வருவது, பெரும்பாலும் ஆண்பிள்ளைகளுக்கு. வீட்டில் யாருக்கும் தெரியாமலே இருந்துவிடும். அறுவை சிகிச்சையால் சரியாகாது. அதனால் முதலில் வேலூர் ஷெல் கண் மருத்துவமனை மாதிரியான இடத்தில் இஷிஹாரா சோதனை (வண்ணப் புள்ளிகளுக்குள் ஒளிந்திருக்கும் எண்ணைப் படிப்பது) செய்துவிடுங்கள். அடுத்து டி.ஜி.சி.ஏ. (இந்திய சிவில் விமானப் போக்குவரத்து இயக்ககம்) அங்கீகரித்த டாக்டரிடம் கிளாஸ் 2 எனும் முதல்கட்ட மருத்துவச் சோதனை, அதன்பின் வணிக விமான பைலட்டுக்கான கிளாஸ் 1. கிளாஸ் 1 செய்யும் இடங்களில் ஒன்று, பெங்களூருவில் உள்ள விமானப்படையின் ஏரோஸ்பேஸ் மெடிசின் நிறுவனம். காட்பாடியில் ரயில் ஏறினால் போய்விடலாம். அந்தச் சான்றிதழ் கைக்கு வரும்வரை எந்தப் பயிற்சிப் பள்ளிக்கும் லட்சக்கணக்கில் பணம் கட்டாதீர்கள்.

ஸ்டென்ட் (இதய ரத்தக்குழாய் அடைப்பைத் திறந்து வைக்கும் சிறு வலைக்குழாய்) வைத்த பைலட்டை மறுபடி ஓட்ட விடுகிறார்களாமே! பயணிகள் உயிரோடு விளையாடுவதில்லையா?
– வாசகர், ராணிப்பேட்டை

விளையாட்டில்லை, கணக்குப் போட்டுத்தான் விடுகிறார்கள். 1980களில் ஐரோப்பிய இதய மருத்துவர்கள் வகுத்த ‘ஒரு சதவீத விதி’ இதற்கு அடிப்படை. ஒருவர் திடீரெனச் செயலிழக்கும் வாய்ப்பு ஆண்டுக்கு நூற்றில் ஒன்று என்று வையுங்கள். ஆண்டுக்கு 8,760 மணி நேரம், தோராயமாக 10,000. ஆக, ஒரு மணி நேரத்துக்குப் பத்து லட்சத்தில் ஒன்று. ஒரு மணி நேரப் பயணத்தில் ஏறுவதும் இறங்குவதுமான ஆபத்தான கட்டம் பத்தில் ஒரு பங்கு. வாய்ப்பு கோடியில் ஒன்றாகிறது. பக்கத்தில் இருக்கும் இரண்டாவது பைலட் அந்த நொடியில் சமாளிக்க முடியாமல் போவது நூற்றில் ஒரு முறை என்றாலும், விபத்து வாய்ப்பு நூறு கோடியில் ஒன்று.

இந்தக் கணக்கு நிற்பதே இரண்டாவது பைலட்டை நம்பித்தான். அதனால்தான் ஐரோப்பிய விதிகளில் ஸ்டென்ட் வைத்தவர் குறைந்தது ஆறு மாதம் காத்திருந்து, ஓட்டச் சோதனையும் (டிரெட்மில்) எக்கோவும் (இதய ஸ்கேன்) திருப்தியாக இருந்த பிறகே, தகுதியுள்ள இன்னொரு பைலட் கூட இருக்கும் விமானத்தில் மட்டும் பறக்க முடியும்.

எனக்குப் பெரிய கவலை, இந்தக் கணக்குக்குள் வராத நோய்தான். 2015 மார்ச் 24 அன்று ஜெர்மன்விங்ஸ் என்ற ஜெர்மன் நிறுவனத்தின் விமானத்தைத் துணை பைலட்டே வேண்டுமென்று மலையில் மோதினார். 150 பேர் இறந்தார்கள். மனநோய்க்காக டாக்டர்கள் அவருக்கு மருத்துவ விடுப்புச் சான்று கொடுத்திருந்தார்கள். அதை அவர் நிறுவனத்திடம் சொல்லவில்லை. இதயத்துக்கு ஈசிஜி இருக்கிறது. மனத்துக்கு, அவராக வாய் திறந்தால்தான் உண்டு. சொன்னால் வேலை போய்விடும் என்றிருந்தால் யார் சொல்வார்கள்? அமெரிக்காவில் 2010 முதல் மனச்சோர்வுக்கான குறிப்பிட்ட சில மருந்துகளில் ஒன்றை எடுத்துக்கொள்பவர்களும், நோய் கட்டுக்குள் இருந்தால், கண்காணிப்போடு பறக்கலாம். அந்தப் பாதைதான் சரி என்பது என் உறுதியான கருத்து.

சாதாரணச் சளிக்குக்கூட பைலட்டுகளை லீவு போடச் சொல்வது ஏன்?
– வாசகர், அரக்கோணம்

மேலே ஏறும்போது நடுக்காதின் காற்று தானாக வெளியேறிவிடும். இறங்கும்போது காற்று உள்ளே போக, காதையும் தொண்டையையும் இணைக்கும் குழாய் திறக்க வேண்டும்; சளியில் அது வீங்கி அடைத்திருக்கும். வலி, தலைசுற்றல், சில சமயம் செவிப்பறையே கிழிதல் எல்லாம் சரியாகத் தரையிறங்கும் நேரத்தில் வரும்.

மாத்திரை போட்டுச் சமாளிப்பது இன்னும் மோசம். 1990 முதல் 2012 வரை விபத்தில் இறந்த அமெரிக்க பைலட்டுகளின் உடலில் இருந்த மருந்துகளை ஆராய்ந்தபோது, செயல்திறனைக் குறைக்கக்கூடியவற்றில் அதிகம் கிடைத்தது டைஃபென்ஹைட்ரமின். சளி, அலர்ஜிக்குக் கடையில் சாதாரணமாக வாங்குகிற, தூக்கம் வரவைக்கும் மருந்து அது. இப்படிப்பட்ட மருந்துகளுக்குப் பொதுவாக, இரண்டு வேளைக்கு நடுவே உள்ள இடைவெளியைப் போல ஐந்து மடங்கு நேரம் காத்திருக்கச் சொல்கிறது அமெரிக்க விமானத் துறை. ஆறு மணிக்கொரு மாத்திரை என்றால், கடைசி மாத்திரைக்குப் பின் 30 மணி நேரம். டைஃபென்ஹைட்ரமினுக்கு மட்டும் 60 மணி நேரம்.

பைலட்டுகள் மவுத்வாஷ்கூடப் பயன்படுத்தக் கூடாதா?
– வாசகி, வேலூர்

ஆல்கஹால் கலந்தது கூடாது. நம் நாட்டில் பறப்பதற்கு 12 மணி நேரம் முன்பிருந்தே மது கூடாது. ஊதும் சோதனையில் பூஜ்யம் வர வேண்டும். முதல் முறை சிக்கினால் லைசென்ஸ் மூன்று மாதம் நிறுத்தம், இரண்டாவது முறை மூன்று ஆண்டு, மூன்றாவது முறை ரத்து. இருமல் டானிக், ஹோமியோபதிச் சொட்டு மருந்து ஆகியவற்றின் லேபிளையும் படித்துவிட்டுத்தான் வாயில் விட வேண்டும்.